வேண்டாம் என்று சொல்லும் உரிமை

(முனிர்காவில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'விளையாட்டும் கல்வியும்' என்று தலைப்புத் தந்தார்கள். அந்தத் தலைப்பில் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் மலை மந்திர் அர்த்தஜாம பூஜைக்குக் கிளம்பிவிடுவீர்கள். (சிரிப்பு.) அதனால் நானே சுருக்கிக்கொண்டேன். கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடும் ஒரு பையனை, ஒரு தொழில்முறை அணி பெயர் சொல்லி எடுக்கிறது. அந்த நேரத்தில் அவன் கையில் என்ன இருக்கிறது? இன்று பேசப்போவது அது ஒன்றுதான். பேஸ்பால் வரும், கிரிக்கெட் வரும், கபடியும் வரும். மூன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது என்றால் என்னவென்று தெரிந்தால் போதும்.

1965ஆம் ஆண்டு மார்ச் மாதம். இதே டெல்லியில், பெரோஷா கோட்லா மைதானத்தில் நியூசிலாந்துடன் டெஸ்ட் ஆட்டம். சென்னைக்காரப் பையன் ஒருவன், பத்தொன்பது வயது, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படிப்பவன், முதல் இன்னிங்ஸில் 72 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தான். இரண்டாவது இன்னிங்ஸில் 80 ரன்னுக்கு 4. இந்தியா ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 'எடுத்தான்' என்று ஒருமையில் சொல்லிவிட்டேன்; மன்னிக்கவும், நாம் எல்லோரும் மதிக்கும் எஸ். வெங்கட்ராகவன் அவர்கள்தான் அது. முதல் டெஸ்ட் ஆடி ஒரு மாதம்கூட ஆகவில்லை அவருக்கு. அந்தக் காலத்தில் டெஸ்ட் ஆடினால் கைக்கு வந்தது சில நூறு ரூபாய். ஆடிவிட்டுத் திரும்பிப் போய்ப் பரீட்சை எழுத வேண்டியதுதான். வேறு போக்கிடம் கிடையாது.

அதே ஆண்டு ஜூன் மாதம், நியூயார்க்கில் ஒரு ஓட்டல். அமெரிக்காவின் பேஸ்பால் அணிகள் எல்லாம் கூடி, முதன்முதலாக டிராஃப்ட் நடத்துகின்றன. நாடு முழுவதும் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பிள்ளைகளை, அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. முதல் பெயராக வாசிக்கப்பட்டவர் ரிக் மண்டே. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர். எடுத்தது கன்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ். கையெழுத்துக்குக் கிடைத்தது சுமார் ஒரு லட்சம் டாலர்.

ஏன் அப்படி ஒரு முறை வந்தது? முந்தின ஆண்டு, 1964இல், விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் ரிக் ரைக்கார்ட் என்பவரைப் பிடிக்க அணிகள் அடித்துக்கொண்டன. கடைசியில் ஏஞ்சல்ஸ் அணி 2,05,000 டாலர் கொடுத்து எடுத்தது. இப்படியே போனால் பணக்கார அணி பணக்கார அணியாகவே இருக்கும், முதலாளிகளின் கஜானாவும் காலியாகும் என்று பயந்து டிராஃப்டைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் உத்தி பிரிப்பார்களே, நினைவிருக்கிறதா? சம பலமுள்ள இரண்டு பேர் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து, 'இது வேணுமா, அது வேணுமா' என்று தலைவனிடம் கேட்பார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். அமெரிக்காக்காரன் அதை வேறு வழியில் செய்தான்: போன ஆண்டு கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கட்டும் என்றான். வேண்டுமென்றே தோற்று முதலிடம் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்பதால், 2023 டிராஃப்டிலிருந்து முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் வைத்துவிட்டார்கள். கள்ளத்தனம் எல்லா ஊரிலும் உண்டு.

அணிகள் சமமாவதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. எடுக்கப்படும் பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

விதி இதுதான். பள்ளி இறுதி வகுப்பு முடித்தவனை எடுக்கலாம். அவன் 'வேண்டாம், நான் படிக்கப் போகிறேன்' என்று சொல்லி நான்காண்டுப் பட்டம் தரும் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது 21 வயது ஆகும் வரை எந்த அணியும் அவனைத் தொட முடியாது. மூன்றாம் ஆண்டு முடிவில் எடுத்தார்கள் என்று வையுங்கள். அப்போதும் அவன் 'வேண்டாம்' என்று சொல்லி நான்காம் ஆண்டுக்குத் திரும்பலாம். அடுத்த ஆண்டு மறுபடி எடுக்கப்படலாம். 'வேண்டாம்' என்று சொன்னதற்காக அவனைத் தண்டிக்க முடியாது.

இந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை தெரியுமா? மூன்றாம் ஆண்டு மாணவனையும் நான்காம் ஆண்டு மாணவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவரும் ஒரே மாதிரி ஆடுபவர்கள். மூன்றாம் ஆண்டுக்காரனிடம் அணியின் ஆள் வந்து 'இவ்வளவு தருகிறேன்' என்றால், அவன் 'போதாது, நான் கல்லூரிக்கே போகிறேன்' என்பான். நான்காம் ஆண்டுக்காரனுக்குத் திரும்பிப் போகக் கல்லூரி இல்லை. அதனால் சில ஆயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போடுகிறான். அங்கே ஒவ்வொரு அணிக்கும் முதல் பத்துச் சுற்றுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரு மொத்தத் தொகை உண்டு. மீறினால் அபராதம். ஆகவே அணிகள் ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு நான்காம் ஆண்டுக்காரர்களாகப் பார்த்து எடுத்து, அவர்களிடம் மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தை மேலே எடுத்த பிடிவாதக்காரப் பையனுக்குக் கொடுக்கின்றன. 'சீனியர் சைன்' என்பார்கள் அதை. ஆட்டத் திறமை அதேதான். 'போய்விடுவேன்' என்று சொல்ல ஓர் இடம் இருப்பவனுக்கு லட்சங்கள், இல்லாதவனுக்கு வழிச்செலவு.

இதற்கு நம் ரத்தத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. குமார் ராக்கர். தகப்பனார் டிரேசி ராக்கர், அமெரிக்கக் கால்பந்து வீரர், பயிற்சியாளர். தாய்வழியில் பையன் இந்தியன். 2018இல் பள்ளி முடித்தபோது கொலராடோ ராக்கீஸ் அணி அவரை எடுத்தது, 38ஆவது சுற்றில். அன்றைக்கு டிராஃப்ட் 40 சுற்று ஓடும்; 38ஆவது சுற்று என்றால் பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரம். அவர் திறமை அவ்வளவு கீழே இல்லை. கல்லூரிக்குத்தான் போவேன் என்று குடும்பம் உறுதியாக இருந்தது எல்லோருக்கும் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார்கள். அவர் வேண்டாம் என்றார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

முதலாம் ஆண்டு மாணவராக, 2019 ஜூனில், டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் பந்து வீசுகிறார். பேஸ்பாலில் எதிரணியை முழுதாக முடிக்க 27 பேரை வெளியேற்ற வேண்டும். பந்து அடிபட்டு மேலே எழும்பிப் பிடிபடலாம், தரையில் உருண்டு தடுப்பாளர் எடுத்து எறியலாம். அப்படி யாருடைய உதவியும் இல்லாமல் பந்து வீசுபவரே மட்டையாளரை மூன்று தடவை ஏமாற்றி அனுப்புவதைத்தான் பெரிய வித்தை என்பார்கள். 27 பேரில் 19 பேரை அந்தப் பையன் அப்படி அனுப்பினார். எதிரணிக்கு ஒரு நல்ல அடிகூட விழவில்லை. அந்த ஆண்டு வாண்டர்பில்ட் தேசியக் கோப்பையை வென்றது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. 38ஆவது சுற்றில் கையெழுத்துப் போட்டிருந்தால் இதெல்லாம் எங்கேயாவது ஒரு சின்ன ஊரில் ஆளில்லாத மைதானத்தில் நடந்திருக்கும்.

கதை அங்கே இனிப்பாக முடியவில்லை. 2021இல் நியூயார்க் மெட்ஸ் அவரைப் பத்தாவது ஆளாக எடுத்தது. 60 லட்சம் டாலர் என்று பேச்சு. பிறகு மருத்துவச் சோதனை. கையில் ஏதோ சரியில்லை என்று அணி தயங்கியது. கெடு தேதி வரை சும்மா இருந்து கைவிட்டது. விதிப்படி மெட்ஸுக்கு அடுத்த ஆண்டு 11ஆவது இடம் நஷ்டஈடாகக் கிடைத்தது. பையனுக்குத் தோள் அறுவை சிகிச்சை கிடைத்தது. பாருங்கள், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இரண்டு பக்கமும் இருக்கிறது; ஆனால் ஒரு பக்கத்துக்குத்தான் நஷ்டஈடு. அவர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. டிரை-சிட்டி என்ற சின்ன அணியில், பெரிய அணிகளின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு லீக்கில் சில ஆட்டம் வீசிக் காட்டினார். 2022இல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 52 லட்சம் டாலர். மறு ஆண்டு முழங்கையில் அறுவை. 2024 செப்டம்பரில்தான் பெரிய லீக்கில் முதல் ஆட்டம். மூன்று முறை எடுக்கப்பட்ட மனிதர் அவர். முதல் முறை அவர் வேண்டாம் என்றார், இரண்டாம் முறை அவர்கள் வேண்டாம் என்றார்கள், மூன்றாம் முறை இருவரும் சரி என்றார்கள்.

இப்போது டெல்லிக்கு வருவோம். 'நம் நாட்டில் டிராஃப்ட் எங்கே இருக்கிறது, ஏலம்தானே' என்பீர்கள். ஒரு டிராஃப்ட் நடந்தது. 2008 மார்ச் 2ஆம் தேதி கோலாலம்பூரில் நம் 19 வயதுக்குட்பட்டோர் அணி உலகக் கோப்பையை வென்றது. பத்து நாள்கூட ஆகவில்லை. 11ஆம் தேதி, ஐபிஎல் அணிகள் அந்தப் பிள்ளைகளை டிராஃப்ட் முறையில் பிரித்துக்கொண்டன. பெரியவர்களுக்கு பிப்ரவரியில் ஏலம் முடிந்திருந்தது. பிள்ளைகளை ஏலம் போட்டால் அசிங்கம் என்று நினைத்தார்களோ என்னவோ, விலையை முன்னாலேயே கட்டிவிட்டார்கள்: ரஞ்சி ஆடியவனுக்கு 30,000 டாலர், ஆடாதவனுக்கு 20,000.

முதல் வாய்ப்பு டெல்லி அணிக்கு. கோப்பை வென்ற அணியின் கேப்டன் டெல்லிப் பையன், மேற்கு டெல்லிக்காரன், விராட் கோலி. டெல்லி எடுத்தது பிரதீப் சங்வானை. அவரும் டெல்லிப் பையன்தான். இடது கை வேகப்பந்து வீச்சாளர். இரண்டு மாதம் முன்பு டெல்லி ரஞ்சிக் கோப்பையை வென்றதில் பெரிய பங்கு அவருக்கு. டெல்லி அணியில் சேவாக், காம்பீர், தவான், டிவில்லியர்ஸ் என்று மட்டையாளர் கூட்டம். பந்து வீசத்தான் ஆள் வேண்டியிருந்தது. அன்றைய கணக்கில் அது தப்பே இல்லை என்றுதான் நான் சொல்வேன். பெங்களூர் கோலியை எடுத்தது. 2025 ஜூன் 3ஆம் தேதி அந்த அணி முதல் தடவையாகக் கோப்பை வாங்கியபோதும் அவர் அதே அணியில் இருந்தார். ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார். நம் சென்னைப் பையன் நெப்போலியன் ஐன்ஸ்டைன் சென்னை அணிக்கே வந்தார். அந்தப் பெயரை மறந்துவிட்டீர்கள் அல்லவா? ஒரே கோப்பையைத் தூக்கிய பிள்ளைகள்தான். அடுத்த வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த அறையில் பேசப்பட்டவர்களில் எவருக்கும் எந்த ஊர், என்ன விலை என்பதில் சொல் இல்லை. 'இந்த ஆண்டு வேண்டாம், படித்துவிட்டு வருகிறேன்' என்று சொன்னால் அடுத்த ஆண்டு இதைவிட நல்ல இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இரண்டாண்டு கழித்து ஜடேஜா, ராஜஸ்தானுடன் புதுப்பித்துக் கையெழுத்துப் போடாமல் மும்பை அணியுடன் பேரம் பேசினார் என்று 2010 ஐபிஎல் முழுக்க அவரை ஆடவிடாமல் வெளியே வைத்தார்கள். இருபத்தொரு வயதுப் பையன், தன் சம்பளத்தைத் தானே பேசிப் பார்த்தது குற்றம். அந்தத் தண்டனை எனக்கு இன்றும் உறுத்துகிறது. இப்போதைய விதிப்படி, ஏலத்துக்குப் பெயர் கொடுத்து எடுக்கப்பட்டவர், பருவம் தொடங்கும் முன் தக்க காரணம் இல்லாமல் விலகினால் இரண்டு பருவம் தடை. இங்கிலாந்தின் ஹாரி புரூக்குக்கு 2025இல் அதுதான் நடந்தது. கோடீஸ்வர வீரர்களைக் கட்டுப்படுத்த அந்த விதி சரியாக இருக்கலாம். பதினெட்டு வயது மாணவனுக்கும் அதே விதி என்றால்?

'அவன் மாணவனே இல்லையே' என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அங்கேதான் வருகிறேன்.

நம்மிடம் பல்கலைக்கழக கிரிக்கெட் இல்லாமல் இல்லை. ரோஹின்டன் பாரியா கோப்பை 1935 முதல் நடக்கிறது. ஒரு காலத்தில் அதில் நன்றாக ஆடினால் ரஞ்சித் தேர்வாளர் கண்ணில் படலாம். சென்னையில் இன்னொரு வழியும் இருந்தது. லீக் ஆட்டத்தில் இரண்டு செஞ்சுரி அடித்த கல்லூரிப் பையனை ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். காலையில் மைதானம், மதியம் கையெழுத்து, மாதம் சம்பளம். அதுதான் நம் டிராஃப்ட். வெங்கட்ராகவனுக்குப் பிறகு கிண்டியிலிருந்தே ஸ்ரீகாந்த் வந்தார். அஸ்வின் எஸ்எஸ்என் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர். நம் பக்கத்துப் பெற்றோருக்குப் பட்டம் வாங்காமல் தூக்கம் வராது. அந்தப் பிடிவாதத்தால் சில நன்மையும் உண்டு.

டெல்லியிலும் மற்ற இடங்களிலும் பாதை மாறிவிட்டது. இப்போது தேர்வு நடப்பது அகாடமியில், 14, 16, 19 வயது அணிகளில், மாநில லீக்குகளில். கோலி கல்லூரி வாசலை மிதிக்கவே இல்லை. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் ராஜஸ்தான் அணி பிகார்ப் பையன் வைபவ் சூர்யவன்ஷியை 1 கோடியே 10 லட்சத்துக்கு எடுத்தபோது வயது பதின்மூன்று. அடுத்த ஏப்ரலில் ஜெய்ப்பூரில் 35 பந்தில் சதம் அடித்துவிட்டான், சந்தோஷம்தான். ஆனால் அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடியாத பையனை டிராஃப்டில் எடுக்க முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கல்லூரிக்கு என்ன மிச்சம்? ஸ்போர்ட்ஸ் கோட்டா. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் காலத்தில் அந்தத் தகுதித் தேர்வு நடக்கும் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். வெயில் கொளுத்தும். ஒவ்வொரு பையன் மடியிலும், ஒவ்வொரு பெண் மடியிலும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கோப்பு. மாவட்டச் சான்றிதழ், மாநிலச் சான்றிதழ், தேசியச் சான்றிதழ், மேலே வருவது கீழே போகாதபடி அடுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தில் அப்பா, கையில் ஜெராக்ஸ் கட்டு, அசல் ஒரு கட்டு. ஓடிக் காட்டுவதைவிட அந்தக் கோப்பைத் திறந்து காட்டும்போதுதான் பிள்ளைகளுக்கு அதிகம் வியர்க்கிறது. ஆட்டம் இங்கே கல்லூரி இடம் வாங்கித் தரும் சான்றிதழ். சேர்ந்த பிறகு கல்லூரி அவனை எங்கே கொண்டு சேர்க்கும் என்பது யாருக்கும் கவலை இல்லை. முகாமுக்குப் போனால் வருகைப் பதிவு குறையும். அதற்குக் கடிதம், கடிதத்துக்கு முத்திரை. செமஸ்டர் தேர்வு அன்று மாநில அணி ஆட்டம் வந்தால் அவன் தலைவிதி.

இந்த வறண்ட காட்டில் ஒரு நல்ல செய்தி கபடியிலிருந்து வந்தது. இது எனக்கே ஆச்சரியம். 2022 ஆகஸ்ட்டில் மும்பையில் நடந்த புரோ கபடி ஒன்பதாம் பருவ ஏலத்தில், கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியின் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளிலிருந்தும் 24 மாணவர்களை ஏலப் பட்டியலில் நேராகச் சேர்த்தார்கள். பல்கலைக்கழக ஆட்டம் தொழில்முறை ஏலத்துக்கு வாசலாக மாறிய அந்த இடத்தை நான் மிக மதிக்கிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் முனிர்கா டோகஸ் ஜாட்டுகளின் கிராமம். இந்த வட்டாரத்துக்குக் கபடியும் மல்யுத்தமும் புதிதல்ல. டெல்லி ஓரத்தில் நிஜாம்பூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. ராகேஷ் குமாரும் மன்ஜீத் சில்லரும் அந்த மண். பவானாவிலிருந்து வந்தவர் பவன் செராவத். அதே 2022 ஏலத்தில் நம் தமிழ் தலைவாஸ் அவரை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது.

என்ன நடந்தது? முதல் ஆட்டம், குஜராத்துக்கு எதிராக. முழங்கால் போனது. பருவம் முழுக்க வெளியே. பவனுக்கு முன்பே பெயரும் பணமும் இருந்தது; தாங்கினார், திரும்பி வந்தார், இந்தியாவுக்கு ஆசியத் தங்கமும் வாங்கித் தந்தார். அன்றைக்கு ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை ஆறு லட்சம். ஆறு லட்சத்துக்கு எடுக்கப்பட்ட மாணவனுக்கு முதல் ஆட்டத்தில் முழங்கால் போனால் யார் கேட்பார்கள்? அவன் கல்லூரி இடம் என்ன ஆகும்? ஏலப் பட்டியலில் சேர்த்தவர்கள் அதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அங்கே டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரிய லீக்கை எட்டிப் பார்ப்பதே இல்லை. கீழ்மட்ட அணிகளில் ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலர் சம்பளத்தில் பலர் ஓட்டினார்கள்; 2023இல் சங்கம் வைத்துப் பேசிய பிறகுதான் அது 26,000ஐத் தாண்டியது. அந்த நாட்டில் 11,000 டாலரில் ஓர் ஆண்டு என்றால் நாலு பேர் ஓர் அறையில் என்று அர்த்தம். முனிர்காவில் நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. (சிரிப்பு.) கல்லூரிகளும் நெடுங்காலம் பிள்ளைகளை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தன, தன் பெயரை வைத்து ஒரு டாலர் வாங்கினாலும் ஆடத் தடை என்று வைத்திருந்தன. 2021 ஜூலையில்தான் அது தளர்ந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு டிராஃப்ட் பாதுகாப்பும் இல்லை. டொமினிக்கன் குடியரசில் பதினாறு வயதில் கையெழுத்து.

நம் நாட்டிலிருந்தே இருவர் போனார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். லக்னோவில் குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். பேஸ்பாலைக் கண்ணால் கண்டதில்லை. 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக எறிந்ததால் தேர்வாகி, அமெரிக்கா போய், அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியில் கையெழுத்திட்டார்கள். டிராஃப்ட் இல்லாமல், நேரடி ஒப்பந்தம். அந்தக் கதையைப் படமாக எடுத்தார்கள். 2014இல் வந்தது, ரஹ்மான் இசை. படம் பார்த்தவர்களுக்குப் பிறகு நடந்தது தெரியாது. தினேஷை 2010 இறுதியில் அனுப்பிவிட்டார்கள். ரிங்கு இன்னும் சில ஆண்டு போராடி, காயத்தில் விழுந்து, பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார்.

ஆனால் அமெரிக்க ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. நான் இன்று பேச வந்ததே அதற்காகத்தான். கல்லூரி முடிக்காமல் கையெழுத்துப் போடும் பையன், தன் மீதி செமஸ்டர்களுக்கு இவ்வளவு பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆட்டத்தை விட்ட பிறகு இரண்டு ஆண்டுக்குள் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். அந்தச் செலவு பேஸ்பால்காரன் தலையில். 2023இல் டொரோன்டோ அணி 20ஆவது ஆளாக எடுத்த அர்ஜுன் நிம்மலா, விஜயவாடாவிலிருந்து போன பெற்றோருக்குப் பிறந்தவர், பதினேழு வயது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் தயாராக இருந்தது. அதை ஒரு கையில் வைத்துக்கொண்டுதான் மறு கையால் 30 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்.

நம்மிடம் பணம் இல்லையா? தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோது டிராஃப்ட் முறையில்தான் ஆளெடுத்தது. 2023 பிப்ரவரியில் முதல் ஏலம் நடந்தபோது சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அன்றைக்கு ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம்! மூன்று மாதத்தில் ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்தார். வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்து, அந்த வேலையும் பார்த்துவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். டிஎன்பிஎல்லில் மதுரைக்கு ஆடி, 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8 கோடியே 40 லட்சத்துக்குப் பஞ்சாப் அணிக்குப் போனார். அந்த முதல் பருவத்தில் காயத்தால் ஒரே ஆட்டம்தான். பஞ்சாப் விடுவித்தது. பிறகு கொல்கத்தா எடுத்தது, மற்றது உங்களுக்குத் தெரியும். கொல்கத்தா எடுக்காமல் போயிருந்தாலும் அவர் வீதியில் நின்றிருக்க மாட்டார். வீடு வரைந்து பிழைத்திருப்பார். எல்லாப் பையனுக்கும் அந்தப் பட்டம் முன்னாலேயே கையில் இருக்காது. ஆட்டத்தில் பத்தொன்பது வயதுக்கும் இருபத்தேழு வயதுக்கும் நடுவில்தான் எல்லாம் நடக்கிறது. படிப்பும் அதே வயதில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

அதனால் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. லீக் நடத்துகிறவர்களுக்கு: 22 வயதுக்குட்பட்டவனை எடுக்கும்போது ஒப்பந்தத்தில் செமஸ்டர் கட்டணத்துக்கு ஒரு தொகையை எழுதுங்கள். கோடிக் கணக்கில் ஏலம் கேட்கும் அணிக்கு அது தேநீர்ச் செலவு. படிக்கும் பையன் ஒரு பருவம் 'வேண்டாம்' என்றால் தடை போடாதீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு: ஆடப் போனவன் இடத்தை இரண்டாண்டு வரை காலி வைத்திருங்கள், கோட்டாவில் எடுத்த பிள்ளையை வருகைப் பதிவைக் காட்டி விரட்டாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளையைத் தேடி அகாடமிக்காரரோ ஏஜெண்டோ ஒரு காகிதத்தோடு வருவார். பணத் தொகை முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும். அதைப் பிறகு பாருங்கள். காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும், படிக்கத் திரும்பலாமா என்று மூன்று கேள்வியைக் கேளுங்கள். பதில் வாய்மொழியாக வந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல ஆட்டக்காரனைத் தேடி அவர்கள் மறுபடி வருவார்கள்.